திருவனந்தையில் ஒரு நாள்

பலரோடு கூடி ஊர் சுற்றுவது இன்பம். தனியே ஊர் பார்ப்பது கல்வி. கூட்டமாய்ச் செல்லும்போது நாம் பெரும்பாலும் உடன் வந்தவர்களையே பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஒருவருக்குப் பசி; மற்றொருவருக்குக் கால்வலி; இன்னொருவருக்கு எங்கு நின்றாலும் படம் எடுக்கும் ஆசை. ஊர் எங்கோ ஓர் ஓரத்தில் நின்றுவிடுகிறது. தனியே செல்பவனுக்கோ ஊரைத் தவிர வேறு துணை இல்லை. வழி கேட்பதற்கும் விலை கேட்பதற்கும் அவன் ஊராரிடமே வாய் திறக்க வேண்டும். அத்தகைய நாள் ஒன்று சென்ற கோடை விடுமுறையில் எனக்கு வாய்த்தது. அன்று கண்டதையும் கேட்டதையும் மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

முதலில் பயணத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து, தோல் பதனிடும் வேலைக்கென்று மும்பைக்கு வந்தவர். ஊருக்குப் போவதும் வருவதுமாய் இருந்து, கடைசியில் தாராவியிலேயே கண்மூடினார். பாட்டி மட்டும் ஊரை விட்டு அசையவில்லை. பாட்டியும் மறைந்த பிறகு அந்த ஓட்டுவீடு பூட்டிக் கிடந்தது. மழைக்கு ஓடு சரிந்தது. வாசலில் எருக்கு முளைத்தது. விற்றுவிடுவதே நல்லது என்று தந்தையாரும் சிற்றப்பாவும் முடிவு செய்தனர். தந்தையாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே பவர் பத்திரம் எழுதி என்னிடம் கொடுத்து அனுப்பினார். தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆயினும் “எந்த ஊர்?” என்று எவர் கேட்டாலும் அச்சிற்றூரின் பெயரையே தயங்காமல் சொல்லி வந்திருக்கிறேன். வீடும் போய்விட்டால் இனி என்ன சொல்வது? அக்கேள்வியையும் பெட்டியோடு சுமந்துகொண்டுதான் இரயில் ஏறினேன்.

நெல்லைக்கு நேர்வழி உண்டு. நான் அதை விட்டுக் கொங்கண் வழியைத் தேர்ந்துகொண்டேன். 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அப்பாதை, ரோகாவிலிருந்து மங்களூருக்கு அருகிலுள்ள தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளமுடையது. மலையைக் குடைந்தும், பள்ளத்தாக்கின்மேல் பாலம் கட்டியும் அமைத்த பாதை அது. இரத்தினகிரிக்கு அருகில் உள்ள கர்புடே சுரங்கம் ஒன்றே 6.5 கிலோமீட்டர். வண்டி இருளுக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டியில் பேச்சு அடங்கும்; வெளிச்சம் வந்ததும் தொடங்கும். ஆனால் தொடங்கும் பேச்சின் மொழி சிறிது சிறிதாய் மாறிக்கொண்டே வந்தது. மராத்தி கொங்கணியாயிற்று, கொங்கணி கன்னடமாயிற்று, விடிந்து பார்த்தால் மலையாளம். “சாய், சாய்” என்று கூவியவர் போய், “சாயா, சாயா” என்று கூவுகிறவர் வந்திருந்தார். பானம் ஒன்றே, ஓர் எழுத்து நீண்டிருந்தது, அவ்வளவுதான்!

கொச்சுவேளியில் இறங்கினேன். 2024 முதல் அந்நிலையத்துக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்பது பெயர். அன்றிரவு கழக்கூட்டத்தில் தங்கினேன். என் பெரியம்மா மகன் அங்குள்ள டெக்னோபார்க்கில் பணிபுரிகிறார். 1990இல் தொடங்கிய அத்தொழிற்பூங்காவால் கழக்கூட்டம் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் உணவு விடுதிகளும் நிறைந்த ஊராகிவிட்டது. தலைக்குமேல் 2022இல் திறந்த மேம்பாலச் சாலை நீண்டு செல்கிறது. ஆயினும் இது பழைய ஊர். வேணாட்டு மன்னர்களை நடுங்கவைத்த எட்டு வீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மார்த்தாண்டவர்மர் அப்பிள்ளைமாரின் ஆற்றலை ஒடுக்கி, அவர்தம் இல்லங்களையும் தரைமட்டமாக்கினார் என்பது வரலாறு. வீடிழந்தவரின் ஊர்ப்பெயர் மட்டும் இன்றும் பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் அண்ணன் வேலைக்குப் புறப்பட்டார். “தனியாச் சுத்திருவியாலே?” என்று கேட்டார். “சுத்திருவேன்ணே” என்றேன். கீழே தேநீர்க் கடையில் புட்டும் கடலையும் உண்டேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “நாடு எவிடெயா?” என்றார். மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். “மும்பை” என்றேன். அவர் தலையசைக்கவில்லை. “அதல்ல. நாடு, நாடு!” என்றார். “திருநெல்வேலி” என்றதும் முகம் மலர்ந்தது. “அயல்க்காரன் ஆணல்லோ!” என்றார். அண்டை வீட்டுக்காரனாம் நான்! எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வந்தேனோ, அதையே புட்டோடு சேர்த்துப் பரிமாறிவிட்டார் அவர்.

நான் முதலில் சென்றது தும்பாவுக்கு. கழக்கூட்டத்திற்கு அருகில் கடலோரமாய் உள்ள சிற்றூர் அது. இயற்பியல் பயிலும் எனக்கு அது திருத்தலம் போன்றது. காரணத்தைப் பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும்படி கூறுகிறேன்.

தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி எல்லா இடத்திலும் கிடையாக நிற்பதில்லை. வடக்கே செல்லச் செல்ல அதன் ஒரு முனை நிலத்தை நோக்கிச் சாயும். தெற்கே செல்லச் செல்ல மறுமுனை சாயும். இடையே ஒரு கோட்டின்மேல் மட்டும் எப்பக்கமும் சாயாமல் கிடையாய் நிற்கும். அதுவே காந்த நடுக்கோடு. பகற்பொழுதில் அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வில் நெடுநாள் சுற்றாது. இடைப்பட்ட அவ்வெளியை ஊடுருவிச் சென்று அளப்பதற்கு ராக்கெட்டே தக்க கருவி. காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் சென்றமையால்தான் விக்ரம் சாராபாய் முதலிய அறிஞர்கள் இவ்விடத்தைத் தேர்ந்தனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலையில் இங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. நைக்கி-அப்பாச்சி என்னும் அந்த ராக்கெட் அமெரிக்கா தந்தது. வானில் அது விட்டுச் சென்ற சோடியம் ஆவி அந்தி வேளையில் செம்மஞ்சள் முகிலாய்ப் படர்ந்தது.

அந்நாளில் இங்கே ஆய்வுக்கூடம் ஏது? மீனவர் குடியிருப்பும், புனித மரிய மகதலேனாள் ஆலயமுமே இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவும் ஊர் மக்களும் இசைந்தனர். மக்கள் தம் வீடுகளையும் தாம் மண்டியிட்டு வழிபட்ட ஆலயத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். ஆலயமே அலுவலகமாயிற்று. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் அன்று அங்கே பணியாற்றிய இளைஞருள் ஒருவர். மிதிவண்டியில் ராக்கெட்டின் கூம்பைக் கொண்டுசெல்லும் புகழ்பெற்ற ஒளிப்படம் இந்த மண்ணில் எடுத்ததே.

அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட்டுகளின் மாதிரிகளையும் கருவிகளையும் பார்த்து வந்தேன். ஆனால் என் உள்ளம் அவற்றைவிட ஆலயத்தின் சுவர்களிலேயே நின்றது. ஒரு வீட்டை விற்கப் போகிறவன் அல்லவா நான்? ஊரையே பெயர்த்துக்கொண்டு சென்றவர்களின் நினைவு எனக்கு ஒருவகை ஆறுதலாய் இருந்தது. இன்னொன்றும் தோன்றியது. காந்த நடுக்கோடும் ஓரிடத்தில் நிற்பதன்று. புவியின் காந்தப்புலம் மாறமாற, ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் தும்பாவின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லையே!

கழக்கூட்டம் திரும்பி நகரப் பேருந்தில் ஏறினேன். அது காரியவட்டம் வழியே செல்கிறது. அங்குள்ள கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ்த்துறையும் உண்டு என்பதை நண்பர்கள் அறிய வேண்டும். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாய்த் தோன்றிய இந்நிறுவனத்தில், 1950களின் தொடக்கத்தில் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கிய அவர் நெல்லைச் சீமைக்காரர். பின்னாளில் இங்கே மொழியியல் துறையை வளர்த்த வ. அய். சுப்பிரமணியம், 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

பாளையத்தில் இறங்கினேன். பள்ளிவாசலும் கிறித்தவப் பேராலயமும் பிள்ளையார் கோவிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் அது. சிறிது தொலைவில் யூனிவர்சிட்டி காலேஜ் என்னும் பழைய செங்கற் கட்டடம். மகாராஜா கல்லூரி என்பது அதன் முற்காலப் பெயர். அதன் வாயிலில் நான் நெடுநேரம் நின்றேன். காவலர்கூட ஒருமுறை என்னை உற்றுப் பார்த்தார். நம் மன்றக் கூட்டங்களில் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதனை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை மெய்யியல் கற்பித்தது இக்கல்லூரியில்தான்.

அவர் பிறந்தது 1855இல் ஆலப்புழையில். நெல்லை இந்துக் கல்லூரியில் சிலகாலம் தலைமை வகித்தது தவிர, அவர் வாழ்வின் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே கழிந்தது. 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார், 1897இல் மறைந்தார். அந்நாடகத்தின் வாழ்த்துப் பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் எழுந்து நின்று பாடும் பாடலை எழுதியவர், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே பிறந்து, வெளியே வாழ்ந்து, வெளியே மறைந்தவர். நம்மைப் போன்ற ஒருவர்! வெளியூர்த் தமிழன் அரைத்தமிழன் என்று எவரேனும் நம்மை எள்ளினால், அவருக்கு இவ்வொரு செய்தி போதும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அதே 1891இல்தான் சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவலும் வெளிவந்தது. நான் முன்னர்க் கூறிய எட்டு வீட்டில் பிள்ளைமாரின் கதை அது. அவரும் இதே மகாராஜா கல்லூரியில் பயின்றவர். ஒரே நகரம், ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு. ஒருவர் தமிழில் நாடகம் தந்தார். மற்றவர் மலையாளத்தில் நாவல் தந்தார். இருவர் மொழியும் ஒன்றையொன்று குறைக்கவில்லை.

அடுத்து அண்மையிலுள்ள வானாய்வுக்கூடக் குன்றுக்கு நடந்தேன். 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் நிறுவிய ஆய்வுக்கூடம் அங்கே உள்ளது. கால்டிகாட் என்பவர் அதன் முதல் தலைவர். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன் பெரும் உழைப்பாளி. புவியின் காந்தத்தை மலையுச்சியிலும் அளக்க வேண்டும் என்று விரும்பி, காட்டு வழியே கருவிகளைச் சுமந்து சென்று, 1855இல் அகத்தியர் மலையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நம் மும்பையிலும் கொலாபாவில் அக்காலத்திலேயே காந்த அளவைகள் நடந்தன. மின்சார டிராம் வரவிருந்தமையால் அவை 1904இல் அலிபாகுக்கு மாற்றப்பட்டன. ஊசி ஒன்றுதான், அளந்த ஊர்கள் பல.

அகத்தியர் மலை என்றதும் உங்களுக்குப் பொதிகை நினைவுக்கு வரும். தமிழ் முனிவன் வாழ்ந்ததாய்ச் சொல்லும் அம்மலை 1868 மீட்டர் உயரமுடையது. கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனை ஆறும் பிறக்கின்றன. கரமனை ஆற்றில் அருவிக்கரையில் தேக்கிய நீரைத்தான் இந்நகரத்தார் குடிக்கின்றனர். என் பாட்டி குடத்தில் மொண்ட நீரும், அன்று காலை தேநீர்க் கடைக்காரர் எனக்குக் கொடுத்த நீரும் ஒரே மலைத்தொடரின் கொடை. ‘அயல்க்காரன்’ என்று அவர் சொன்னது உபசார வார்த்தை அன்று, நிலநூல் உண்மை!

பிறகு சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்து 1880இல் முடிவுற்ற நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கண்டேன். தம்பானூரில், இரயில் நிலையத்தின் எதிரே, லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காப்பி ஹவுஸில் உண்டேன். சுருண்டு சுருண்டு மேலேறும் செங்கற் கட்டடம் அது. மேசைகளும் சரிவில் ஏறிக்கொண்டே செல்கின்றன. தனியே வந்தவன் என்று கண்டு, விசிறித் தலைப்பாகை அணிந்த பரிசாரகர் எனக்குச் சாளரத்தின் அருகில் இடம் காட்டினார்.

மாலையில் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் வளர்ந்த வணிக வீதி இது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரமே தலைநகர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைவதற்குப் போராட்டம் நடந்தது, உயிர்களும் பலியாயின. எல்லை வரைந்தாயிற்று. ஆயினும் தோவாளைப் பூ இன்றும் இங்கே வருகிறது; நெல்லைப் பேச்சு இன்றும் இங்கே கேட்கிறது.

மளிகைக் கடை ஒன்றில் கருப்பட்டி விலை கேட்டேன். முதியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். என் முதல் சொல்லிலேயே, “தம்பி எந்த ஊரு?” என்றார். அன்று இரண்டாம் முறை! இம்முறை நான் முழுக் கதையையும் சொன்னேன்: தாராவி, பாட்டன், ஓட்டுவீடு, பவர் பத்திரம்.

அவர் கருப்பட்டியைத் தாளில் மடித்துக்கொண்டே பேசினார். “எங்க தாத்தா காலத்துல இங்க வந்தோம். ஊர்ல எங்களுக்கு இப்போ ஒரு சென்ட் நெலம் கெடையாது. நான் பொறந்தது இங்க, படிச்சது மலையாளம். வீட்டுல மட்டும் இதத்தான் பேசுதோம். நீ கேட்டதுமே ‘நம்ம பிள்ள’ன்னு தெரிஞ்சுதுல்லா? பத்திரத்தப் பாத்தா தெரிஞ்சுது?”

“அப்ப வீட்ட வித்தா ஒண்ணும் போயிராதுங்கியளா, அண்ணாச்சி?”

“போகும் தம்பி. ஏன் போகாது? மனசு கெடந்து அடிக்கத்தான் செய்யும். எங்க அப்பா வித்துட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடல. ஆனா பேச்ச விட்டுட்டா, அது போனதுகூடத் தெரியாமப் போயிரும். ஒம் பிள்ளைக்கு விக்கதுக்கும் ஒண்ணும் இருக்காது.”

காசை வாங்கிக்கொண்டு, “ஊருக்குப் போயி ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடு” என்றார்.

பின்னர்க் கிழக்குக் கோட்டையில் வேட்டி கட்டிக்கொண்டு பத்மநாப சுவாமி கோவிலுக்குள் சென்றேன். ஏழு நிலைக் கோபுரம் நெல்லையையும் மதுரையையும் நினைவூட்டியது. நம்மாழ்வார் பாடிய திருப்பதி இது. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாயில்கள் வழியே பகுதி பகுதியாய்க் காண வேண்டும். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வாயிலில் முழுவதும் தெரிவதில்லை. இருட்டியபின் பேருந்தில் கழக்கூட்டம் திரும்பினேன். அண்ணன் வந்து கதவு திறந்தார். “என்னலே பாத்த?” என்றார். “நம்ம ஊரத்தான்” என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் நாகர்கோவில் வழியே நெல்லை சென்றேன். ஆற்றில் முழுகினேன். பதிவு அலுவலகத்தில் கையொப்பமிட்டேன். அண்ணாச்சி சொன்னது உண்மை, மனம் அடித்துக்கொண்டது. வீட்டைக் காலி செய்கையில் பாட்டியின் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே மணியார்டர் துண்டுகள். பாட்டனார் தாராவியிலிருந்து எழுதிய அஞ்சலட்டைகள். மழை, கூலி, கடன், பிள்ளைகளின் காய்ச்சல், எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. அன்றிரவு அவற்றை ஒன்றுவிடாமல் படித்தேன். மும்பையில் என் உடன்பிறந்தாரும் சிற்றப்பா மக்களுமாய் நாங்கள் ஐவர். ஐவரும் தமிழ் பேசுவோம். அந்த அட்டைகளைப் படிக்கக்கூடியவர் இருவரே. வீட்டுக்குப் பணம் கொடுக்க ஒருவர் வந்தார். இவ்வட்டைகளை நாங்கள் படிக்காவிட்டால் வேறு எவர் படிப்பார்?

அப்பெட்டி இப்போது என் விடுதி அறையில் இருக்கிறது. தங்கைக்கு வாரம் ஓர் அட்டையாய் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத் தருகிறேன். நான்காம் அட்டைக்கு வந்திருக்கிறாள். நம் மன்றத்திலும் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அது அவர்கள் குற்றமன்று; பயின்ற பள்ளியில் தமிழ் இல்லை. ஆண்டுவிழாவுக்கு நாம் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணி நேரம், படிக்கத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இணைந்து அமர்வோம். பாடநூல் வேண்டா, அவரவர் வீட்டுப் பழங்கடிதம் ஒன்று போதும். முதல் இருக்கைக்கு நான் வருகிறேன். உடன் வருவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.